பதிவேட்டில் ஏறாத சோதனை

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று உதவி நூலகர்களுக்கு, ஒரு பல்கலைக்கழக நூலகம் என்னென்ன வேலை செய்கிறது என்று அரை மணி நேரம் பேச வேண்டும் என்று போன மாதம் என்னை அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை இப்படி அழைத்து ஒரு சால்வையும் டீயும் கொடுத்து அனுப்புவது எங்கள் ஏற்காடு மலை வளாகத்தில் வழக்கம். போனேன், பேசினேன். பேச்சு முடிந்ததும் அவர்கள் ஒரு புதிய ஏற்பாட்டைத் திரையில் காட்டினார்கள். இனிமேல் ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை வீட்டிலிருந்தே மென்பொருளில் ஏற்றி, வேறு எதிலிருந்தாவது எடுத்து எழுதியிருக்கிறார்களா என்று தாங்களே பார்த்துக்கொள்ளலாமாம். நூலகக் கவுன்ட்டருக்கு வர வேண்டியதில்லை.

"நீங்க இருந்தப்ப இந்தச் சோதனையில ஏதாச்சும் தப்பு நடந்திருக்குதுங்களா மேடம்?" என்று அந்த மூவரில் ஒரு பெண் கேட்டாள்.

"சின்னச் சின்னதா நடக்கும் கண்ணு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் புரிந்துகொள்வது சுலபம். கேஸ் அடுப்பை மூடினேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்பியவள் நான். ஒரு முறை அல்ல, பல முறை. அப்பா இங்கே ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். மிஷன் பள்ளியில் படித்தேன், சேலத்தில் நூலகவியல் பட்டம் வாங்கினேன், ஒரு வருடம் வெளியூரில் பயிற்சி, அதன் பிறகு இந்த வளாக நூலகத்தில் வேலை. நூற்பட்டியல் அட்டைப் பெட்டிகள் போய் பார்கோடு வந்தது. பிறகு மின்னிதழ்கள் வந்தன, வீட்டிலிருந்தே படிக்கக் கடவுச்சொல் வந்தது, ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றும் வேலை வந்தது. ஒவ்வொன்று வரும்போதும், இதை நான் கெடுத்துவிடுவேன் என்றுதான் முதலில் தோன்றும். அதனாலேயே எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்ப்பேன். ஜெசிந்தா மேடம் கை பட்டால் தப்பு வராது என்று பெயரும் எடுத்திருந்தேன்.

மலை மேல் நூலகம் நடத்துவது கீழே நடத்துவதைப் போல அல்ல. மழைக் காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும். துடைத்து வைத்த புத்தக அட்டையில் மறு வாரமே பூஞ்சை பூத்திருக்கும். அதையாவது துணியால் துடைக்கலாம். எனக்குப் பெரிய தலைவலி மலைக் கிராமத்து மாணவர்கள்தான். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று நாங்கள் கடவுச்சொல் கொடுத்திருப்போம். வாழவந்தியிலும் மஞ்சக்குட்டையிலும் பாதி இடத்தில் சிக்னல் கிடைக்காது. பாறை மேல் ஏறி நின்று ஒரு கட்டுரையை இறக்கப் பார்த்து, பாதியில் நின்றுபோய், மறுநாள் கவுன்ட்டரில் வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். நான் அந்தக் கட்டுரைகளை அச்செடுத்து, உறையில் போட்டு, பேர் எழுதி, அந்தப் பக்கம் போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. எந்த நோட்டிலும் எழுதியதும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் கதிர்வேல் சார் எங்களுக்கு நூலகராக வந்தார். சேலத்துக்காரர். தினமும் அடிவாரத்தில் ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவும் கடந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். குரங்குக் குல்லாவைக் கழற்றி, நான்காக மடித்து, மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் வைப்பார். அதற்குப் பிறகு மாலை வரை அவருக்குக் குளிரே கிடையாது. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டும் பார்த்ததில்லை. எந்தக் காகிதம் வந்தாலும் உட்கார்ந்து, ஒரு கண்ணாடி ஸ்கேலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக ஸ்கேலை இறக்கிக்கொண்டே படிப்பார். எதிரில் நிற்கிறவருக்கு அந்த ஸ்கேல் தன் மேலேயே இறங்குவது போல இருக்கும்.

வாய்மொழியாக யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான். "அப்படிங்களா? எழுதிக் குடுத்துருங்க." மழை ஒழுகுகிறது என்றாலும் எழுதிக் கொடுக்க வேண்டும், பல்பு எரியவில்லை என்றாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாணத்தில் பந்திக்குக் கூப்பிட்டால்கூட எழுதிக் கேட்பார் என்று அலுவலக உதவியாளர்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

என் கண்டக்டர் உறைகள் ஒருநாள் அவர் கண்ணில் பட்டன. அறைக்குக் கூப்பிட்டார்.

"ஜெசிந்தாம்மா, இந்தக் கவர் எந்தப் பதிவேட்டுல இருக்குதுங்க?"

"எதுலயும் இல்லீங்க சார்."

"அப்ப இது வழியில தொலைஞ்சா, தொலைஞ்சதே நமக்குத் தெரியாதுங்களே."

இனி இந்த வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து, அதே ஸ்கேலால் தானே கோடு போட்டு, பெயர், கட்டுரை, பஸ், கிடைத்த விவரம் என்று கட்டங்கள் பிரித்து என்னிடம் நீட்டினார். "நல்ல வேலைங்க. ஏத்திட்டுச் செய்யுங்க" என்றார். அவர் எதையும் தடுக்கிற மனிதர் இல்லை என்பதை நான் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும். எனக்கு அன்றைக்குப் புரிந்தது, மாட்டிக்கொண்டோம் என்பது மட்டும்தான்.

இனி அந்தச் சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாணவர்கள் அதைக் காப்பி செக் என்பார்கள், கடிதங்களில் அதற்கு ஒப்புமைச் சோதனை என்று பெயர். ஆய்வேட்டை மென்பொருளில் ஏற்றினால், உலகத்தில் ஏற்கெனவே வெளிவந்தவற்றோடும், முன்பு மற்றவர்கள் சமர்ப்பித்தவற்றோடும் ஒப்பிட்டு, நூற்றுக்கு இத்தனை பங்கு ஒத்துப்போகிறது என்று ஓர் எண்ணைக் கொடுக்கும். பத்துக்குள் இருந்தால் ஆய்வேடு உள்ளே போகும். மேலே போனால் பிரச்சனை. ஏற்றும்போது ஒரு கேள்வி வரும். இதைக் கிடங்கில் சேமிக்கவா, வேண்டாமா? இறுதி வடிவமாக இருந்தால் சேமிக்க வேண்டும். முன்வரைவாக இருந்தால் சேமிக்கவே கூடாது. சேமித்துவிட்டால், அதே ஆள் பின்னால் இறுதி வடிவத்தைக் கொடுக்கும்போது, மென்பொருள் அதைத் தன் கிடங்கில் இருக்கும் முன்வரைவோடு ஒப்பிட்டு, முழுக்க முழுக்க எடுத்து எழுதியது என்று சொல்லிவிடும். தன் எழுத்தைத் தானே திருடியதாக ஆகும். திரையில் முதலில் தேர்வாகி நிற்பது 'சேமி' என்பதுதான். நாம்தான் அதை மாற்ற வேண்டும்.

முன்வரைவுச் சோதனைக்கும் விதி உண்டு. நெறியாளர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும், பதிவேட்டில் எண் போட வேண்டும், ஒருவருக்கு ஒரு முறைதான். ஆனால் மாணவர்கள் நடுங்கிக்கொண்டு வருவார்கள். நடுங்குகிறவர்களைக் கண்டால் எனக்குத் தாங்காது. என் சாதியாயிற்றே. கடிதம் இல்லாமல், பதிவேட்டில் ஏற்றாமல், ஓசைப்படாமல் பார்த்துக் கொடுத்துவிடுவேன்.

சத்யா அப்படித்தான் வந்தாள். மஞ்சக்குட்டைப் பெண். அப்பா அம்மா சாமையும் தினையும் விதைத்து, நாலு காபிச் செடியும் வைத்திருக்கிற மலை விவசாயிகள். இந்த மலையின் சாமை வகைகளையும், ஒவ்வொரு ஊரும் எப்படி விதை பிடித்து வைக்கிறது என்பதையும் பற்றித்தான் அவள் ஆய்வு. என் உறைகளில் பாதி அவளுக்குப் போனவைதான். ஆய்வுப் பதிவுக் காலத்தை அவளுக்கு இரண்டு முறை நீட்டித்துவிட்டார்கள். மூன்றாவது நீட்டிப்பு கிடையாது. குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேடு உள்ளே போகாவிட்டால் பதிவே ரத்து. நெறியாளர் வெளியூர் போயிருந்தார்.

"ஒருக்கா பாத்துக் குடுத்துருங்க மேடம். எனக்குக் கையெல்லாம் ஓடல" என்றாள்.

அன்று நல்ல மழை. இணையம் வருவதும் போவதுமாக இருந்தது. கோப்பை ஏற்றினேன், 'சேமிக்க வேண்டாம்' என்று மாற்றினேன், அழுத்தப் போகும் நேரத்தில் பக்கம் நின்றுபோயிற்று. மறுபடி திறந்தேன். மறுபடி ஏற்றினேன். சத்யா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "பஸ்ஸு வந்துருமுங்க மேடம்" என்றாள். அழுத்தினேன். மூன்று முறை பார்க்கிற நான் அன்றைக்கு ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பக்கம் புதிதாகத் திறந்தபோது தேர்வும் பழையபடி 'சேமி'க்குத் திரும்பியிருந்தது.

ஆறு என்று வந்தது. அவள் முகத்தில் உயிர் வந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பாத்துக் குடுத்ததை யார்கிட்டயும் சொல்லிப்போடாதே கண்ணு. எனக்குப் பிரச்சனை ஆயிரும்" என்றேன்.

"சொல்ல மாட்டனுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மூன்று வாரம் கழித்து, அந்தக் கடைசி வெள்ளிக்கு முந்தைய திங்கட்கிழமை, இறுதி வடிவத்தை முறைப்படி கொண்டு வந்து கொடுத்தாள். கடிதம், கையெழுத்து, பதிவேட்டு எண் எல்லாம் சரி. ஏற்றினேன். தொண்ணூற்று நான்கு என்று வந்தது.

முதலில் எனக்கு வந்த எண்ணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். அன்றைக்கு என்னிடம் காட்டியது ஒன்று, இன்று கொடுத்தது வேறு யாருடையதோ என்று நினைத்தேன். பாவி, இந்தப் பெண்ணா இப்படி என்று நினைத்தேன். 'இதே பல்கலைக்கழகத்தில் முன்பு சமர்ப்பிக்கப்பட்ட மாணவர் ஆய்வு' என்று மட்டும் அறிக்கையில் போட்டிருந்தது. யாருடையது என்று இல்லை.

அச்செடுத்து சாரிடம் கொண்டுபோனேன். ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். தொண்ணூற்று நான்கில் ஸ்கேல் நின்றது.

"இதை முன்னாடி நம்மகிட்டப் பாத்திருக்குதுங்களா, இந்தப் பொண்ணு?"

"இல்லீங்க சார்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. பதிவேட்டில் ஏற்றாமல் செய்தது தெரிந்துவிடும் என்ற பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் பதிவேட்டையும் புரட்டிப் பார்த்தார். சத்யா என்ற பெயரில் முந்தைய பதிவு எதுவும் இல்லை. அவருக்கு அது போதும். கையெழுத்துப் போட்டார். பத்துக்கு மேல் வந்தால் அன்றைக்கே நெறியாளருக்கும் ஆய்வுப் பிரிவுக்கும் அறிக்கை போக வேண்டும் என்பது விதி. போயிற்று.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். மனசு கேட்காமல் மென்பொருளில் நான் ஏற்றியவற்றின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த மழை நாள். சத்யாவின் முன்வரைவு. பக்கத்தில் 'சேமிக்கப்பட்டது'.

அந்தத் திரையை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. எழுந்து போய் அடுத்த அறையில் சொல்ல எனக்குப் பத்தடி தூரம்தான். ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி, குற்றச்சாட்டுக் கடிதம் வந்தால் என்ன ஆகும், ஊரில் என்ன பேசுவார்கள், இல்லீங்க சார் என்று சொன்ன வாய் இப்போது எப்படி ஆமாம் என்று சொல்லும் என்று இதையே நினைத்து நினைத்து மணி ஐந்தாகிவிட்டது. கிளம்பி வீட்டுக்குப் போனேன். அன்று இரவு கேஸை ஏழு முறை பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை சத்யா கவுன்ட்டருக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. நெறியாளர் அவளை எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தார். விசாரணைக் குழுவில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அன்னிக்கு ஆறுதானுங்களே மேடம் வந்துச்சு?" என்றாள்.

கதிர்வேல் சாரின் கண்ணாடி அறைக் கதவு திறந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"அப்பறம் பேசலாம் கண்ணு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். கோபப்பட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

புதன்கிழமை மாலை மாதா கோவிலில் நவநாள் ஜெபம். மண்டியிட்டு நான் கேட்டது என்ன தெரியுமா? மென்பொருள் நிறுவனத்திலேயே ஏதாவது கோளாறு என்று அவர்களாக அறிவித்துவிட வேண்டும், மாதாவே என்று கேட்டேன். உண்மையைச் சொல்ல தைரியம் கொடு என்று கேட்கத் தோன்றவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பக்திப் பழமாக நினைத்திருப்பார்கள், அத்தனை நேரம் மண்டியிட்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை விசாரணைக் குழுவிலிருந்து நூலகத்துக்குக் கோப்பு வந்தது. 'மென்பொருளில் தவறு நேர வாய்ப்பு உண்டா? நூலகத்தின் கருத்து தேவை' என்று எழுதியிருந்தார்கள். சார் அதை என்னிடம் கொடுத்து, பதில் வரைவு தயார் செய்யச் சொன்னார். கோப்பைத் திறந்தேன். உள்ளே சத்யாவின் வாக்குமூலம் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உருட்டி உருட்டி எழுதிய கையெழுத்து. ஆய்வேடு முழுக்கத் தன் உழைப்பு என்று எழுதியிருந்தாள். இதற்கு முன் இதைச் சோதனைக்குக் கொடுத்ததுண்டா, யார் பார்த்தார்கள் என்று குழு கேட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரே வரி: 'இதற்கு முன் யாரிடமும் சோதனைக்குக் கொடுக்கவில்லை.'

ஆறு வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குழு என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கும். அவள் தப்பித்திருப்பாள். தன் படிப்பு போகிற நேரத்தில், என் வேலையைக் காப்பாற்ற இந்தப் பெண் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினேன். இன்ன நாளில், இன்னாருடைய முன்வரைவை, கடிதம் பெறாமலும் பதிவேட்டில் ஏற்றாமலும் சோதித்தேன். தவறுதலாகச் சேமித்துவிட்டேன். முடிவு ஆறு. தாங்கள் கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன். கையெழுத்துப் போட்டு சாரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

உட்காரச் சொன்னார். ஸ்கேலை எடுத்தார். முதல் வரி, இரண்டாம் வரி என்று அதே வேகம். பொய் சொன்னேன் என்ற இடத்தில்கூட ஸ்கேல் நிற்கவில்லை. கடைசி வரை போயிற்று. பிறகு ஸ்கேலை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுல ஒரு வரி கொறையுதுங்களே, ஜெசிந்தாம்மா."

கோப்பைத் திருப்பி, சத்யாவின் வாக்குமூலத்தை என் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீங்க எழுதுனது நெசம்னா, இது பொய்யிங்க. திருட்டுக் குத்தம் போயிரும். குழுவுல பொய் சொன்ன குத்தம் வந்துரும். அதுக்கும் பதிவை ரத்துப் பண்ணலாமுங்க. இந்தப் பொண்ணு எதுக்குங்க பொய் சொல்லுச்சு?"

எனக்குத் தெரியும். எழுதும்போதும் தெரிந்துதான் இருந்தது. என் தவறையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, ஒரு பிள்ளையின் வாயை நான் அடைத்தேன் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். கை தவறிச் சேமித்துவிட்டேன் என்று சொல்லலாம், அதற்கு மழையைக் காரணம் காட்டலாம். இதற்கு எதைக் காட்டுவது? அவர் என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. பேனாவை மட்டும் என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துக்கு மேலே இருந்த இடைவெளியில் எழுதினேன். 'இந்தச் சோதனையைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாது என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை அவர் என்னிடம் கேட்டபோதும் பதில் சொல்லாமல் அனுப்பினேன். அவர் குழுவிடம் மறைத்தது எனக்காகவே.'

ஸ்கேலை மறுபடி வைத்து அந்த வரிகளைப் படித்தார். தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் வேலை செய்த வேகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சேமித்ததைக் கிடங்கிலிருந்து நீக்கக் கோரி நிறுவனத்துக்குத் தானே மின்னஞ்சல் தட்டினார், போனில் கூப்பிட்டு அவசரம் என்றார், முகப்புக் கடிதம் எழுதி என் கடிதத்தை இணைத்துக் கோப்பைத் தன் கையாலேயே குழுவுக்கு எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது மணி மூன்றரை.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு வரலைங்களாமா. போனும் போகல. நீங்க மஞ்சக்குட்டைக்குப் போயி நேர்ல சொல்லிருங்க."

"சார், நானுங்களா?"

"வேற யாருங்க? அந்தப் பொண்ணுகிட்டச் சொல்ல வேண்டியதை எழுதி வாங்கிக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லீங்க" என்றார்.

அலுவலகக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். மறுநாள் மதியம் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. நீக்கிவிட்டார்கள். சார் பக்கத்தில் நின்றுகொண்டே பார்க்க, மறுபடி ஏற்றினேன். ஐந்து வந்தது. மாலைக்குள் ஆய்வேடு உள்ளே போயிற்று, சத்யா ரசீதும் வாங்கிவிட்டாள். குழு அவள் வாக்குமூலத்தின் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று எழுதியது. எனக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் கொடுத்தேன். கவுன்ட்டரிலிருந்து மாற்றி, பழைய இதழ்களைக் கட்டி வைக்கும் பிரிவில் போட்டார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. இதெல்லாம் கோப்பில் இருக்கிறது. புதிதாக வந்திருக்கிற அந்தப் பெண் கேட்டு வாங்கிப் படிக்கலாம். வியாழக்கிழமை சாயங்காலம் நடந்தது மட்டும் எந்தக் கோப்பிலும் இல்லை.

ஏற்காட்டிலிருந்து ஷேர் ஜீப்பில் போனேன். வழியெல்லாம் மூடுபனி. பக்கத்தில் காய்கறி மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர், "ஏனுங்க மேடம், உடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டார். இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். ஓட்டு வீடு. வாசலில் காபிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது, பனி வருகிறது என்று சத்யா அதை வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறம் கையில் அப்படியே நின்றது.

நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று பயம். மழை நாள், சேமித்தது, திங்கட்கிழமை மூன்று மணிக்கே எனக்குத் தெரிந்தது, மூன்று நாள் சொல்லாமல் இருந்தது, காலையில் எழுதிக் கொடுத்தது. எல்லாவற்றையும் கேட்டாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டாள்.

அவள் அம்மா உள்ளேயிருந்து வந்தார். யாரென்று சொன்னேன். அவசரமாக ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, உள்ளே போய், ஒரு டம்ளர் வரக்காப்பியோடு திரும்பினார். என் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"எம்புள்ளை தப்புப் பண்ணிப்போட்டும் ஊடு தேடி வந்திருக்கறீங்க. நொம்பப் பெரிய மனசுங்க மேடம்" என்றார். "வாத்தியாரு போன் பண்ணிச் சொன்னாருங்க, யாரோ எழுதுனதைப் பாத்து எழுதிட்டான்னு. எங்க வமுசத்துல அடுத்தவிங்க காட்டுல ஒரு கருது ஒடிச்சதில்லீங்க. அன்னிலிருந்து நான் அதுகூடப் பேசறதில்லீங்க."

டம்ளர் சுட்டது. கீழே வைக்கவும் தெரியவில்லை.

சத்யா திரும்பி வந்து கதவோரம் நின்றாள். முகம் கழுவியிருந்தாள். முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"எங்கிட்டச் சொன்னது போதாதுங்க மேடம். அம்மாகிட்டச் சொல்லுங்க."

மென்பொருள், கிடங்கு, முன்வரைவு என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா முழிப்பதைப் பார்த்து நிறுத்தினேன். முப்பது வருடம் பழகிய வார்த்தைகளில் ஒன்றுகூட அங்கே உதவவில்லை. மறுபடி சொன்னேன்.

"அம்மா, உங்க பொண்ணு யாரையும் பாத்து எழுதலீங்க. அத்தனையும் அதோட உழைப்புங்க. தப்புப் பண்ணது நானுங்க. தெரிஞ்சும் மூணு நாளாச் சொல்லாம இருந்ததும் நானுங்க. என்னையக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அது வாயைத் தொறக்கல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"இதையேதானே சாமி நீயும் சொன்னே? நான் பண்ணலம்மான்னு, மூணு நாளும் இதையேதானே சொன்னே?"

"ஆமாம்மா."

"நாந்தான் நம்பல."

எழுந்து போய் மகள் பக்கத்தில் நின்றுகொண்டார். என் பக்கம் திரும்பாமலே, "ஜீப்பு வந்துருமுங்க. காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்புங்க" என்றார்.

குடித்தேன். டம்ளரை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்து கும்பிட்டேன். அவர் பார்க்கவில்லை. மகளின் தலையில் ஒட்டியிருந்த காபித் தோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.